யூ யூ ஹகுஷோ: புதிதாகப் பார்க்கத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

யோஷிஹிரோ தொகாஷி எழுதி வரைந்த யூ யூ ஹகுஷோ, ஜப்பானின் ஷோனென் ஜம்ப் வார இதழில் 1990ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி 1994இல் நிறைவுற்ற மாங்கா (ஜப்பானியச் சித்திரக்கதை) ஆகும். ஸ்டுடியோ பியெரோ அதை 112 எபிசோடுகள் கொண்ட அனிமே (ஜப்பானிய அசைபட) தொடராக உருவாக்கியது; நொரியுகி அபேயின் இயக்கத்தில் 1992 அக்டோபர் முதல் ஃபுஜி தொலைக்காட்சியில் அது ஒளிபரப்பானது. சண்டியராகத் திரியும் 14 வயதுப் பள்ளி மாணவன் யூசுகே உராமெஷி விபத்தில் இறந்து, மீண்டும் உயிர்பெற்று, மனித உலகில் புகுந்து குற்றம் செய்யும் அரக்கர்களைப் பிடிக்கும் ஆவியுலகத் துப்பறிவாளனாக நியமிக்கப்படுவதே கதை.

இந்தத் தொடரைப் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் ஆலோசனை ஒன்று உண்டு: முதல் 25 எபிசோடுகளை எப்படியாவது கடந்து, 26இல் தொடங்கும் பெரும் போட்டிக்கு வந்துவிடுங்கள், அங்கேதான் உண்மையான தொடர் இருக்கிறது என்பார்கள். இந்தக் கட்டுரை அதை ஏற்கவில்லை. யூசுகே வகிக்கும் பதவி என்ன, அவனை ஏவுபவர்கள் யார், பிடிபடுபவர்கள் உண்மையில் யார் என்ற கேள்விகளைத் தொடக்க எபிசோடுகள்தான் எழுப்புகின்றன. 67ஆம் எபிசோடுக்குப் பின்னர் கதை அந்தக் கேள்விகளுக்கே திரும்பி வருகிறது. தொடக்கத்தைத் தவிர்த்தவர்களுக்குப் பிற்பகுதி வெறும் சண்டைகளாகவே எஞ்சும். ஆகவே கீழே உள்ள படிகள் தொடக்கப் பகுதிக்கே அதிக இடம் தருகின்றன.

எந்த வடிவத்தில் தொடங்குவது

கதை மூன்று வடிவங்களில் கிடைக்கிறது: 19 தொகுதிகளும் 175 அத்தியாயங்களும் கொண்ட மாங்கா, 112 எபிசோடுகள் கொண்ட அனிமே, 2023 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸில் வெளியான 5 எபிசோடுகள் கொண்ட நடிகர்கள் நடித்த தொடர். புதியவர்கள் அனிமேயிலிருந்து தொடங்குவதே நல்லது. மாங்காவின் முதல் இரண்டு தொகுதிகளில், உடலற்ற ஆவியாக அலையும் யூசுகே பிறருடைய துயரங்களில் குறுக்கிட்டு உதவும் சிறு சிறு கதைகளே பெரும்பாலும் உள்ளன. அவை அழகானவை என்றாலும், துப்பறியும் கதையை எதிர்பார்த்து வருபவர் அங்கேயே களைத்துவிடக்கூடும். அனிமே அவற்றில் பலவற்றை விட்டுவிட்டு, ஐந்தே எபிசோடுகளில் யூசுகேவை மீண்டும் உடலுக்குள் கொண்டுவந்துவிடுகிறது. நெட்ஃபிளிக்ஸ் தொடரோ பெருங்கதையின் பாதிக்கும் மேலான பகுதியை ஐந்து எபிசோடுகளுக்குள் அடைத்திருப்பதால், முதலில் அதைப் பார்ப்பவருக்கு அனிமேயின் திருப்பங்கள் பல முன்கூட்டியே தெரிந்துபோகும்.

ஒளிபரப்பு உரிமைகள் நாட்டுக்கு நாடு வேறுபடுவதாலும் அடிக்கடி கைமாறுவதாலும், உங்கள் நாட்டில் எந்தத் தளத்தில் இருக்கிறது என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். தேடும்போது ஒரே பெயரில் தொடர், இரண்டு திரைப்படங்கள், சிறப்பு வெளியீடுகள், 2023ஆம் ஆண்டின் தொடர் என எல்லாமே வரும். 112 எபிசோடுகள் என்ற எண்ணைச் சரிபார்த்துவிட்டுத் தொடங்கினால் குழப்பம் இராது.

மொழியும் நேரமும்

ஜப்பானிய ஒலியோடு சப்டைட்டில் வைத்துப் பார்ப்பதா, ஆங்கில டப்பிங்கில் பார்ப்பதா என்ற கேள்விக்கு இந்தத் தொடரில் மட்டும் ஒற்றை விடை கிடையாது. ஜப்பானிய வடிவில் யூசுகேவுக்கு நொசோமு ஸசாகியும், பின்னர் அவனோடு சேரும் குராமாவுக்கு மெகுமி ஒகாதாவும், ஹியெய்க்கு நொபுயுகி ஹியாமாவும் குரல் கொடுத்திருக்கிறார்கள். ஒகாதாவுக்கு இது முதல் பெரிய பாத்திரம். அமைதியான பேச்சுக்குள் மிரட்டலை ஒளித்துவைக்கும் அவருடைய குரல் இல்லாமல் குராமாவை நினைத்துப் பார்ப்பது எனக்குக் கடினம். ஃபனிமேஷன் நிறுவனம் உருவாக்கிய ஆங்கில டப்பிங், மூல வசனங்களைச் சொல்லுக்குச் சொல் பின்பற்றாமல் தெருப் பையன்களின் கேலிப் பேச்சாக மாற்றி எழுதியது. ஜஸ்டின் குக் யூசுகேவாகப் பேசும் அந்த வடிவத்துக்கென்றே தனி ரசிகர் கூட்டம் உண்டு. வசனம் வாசிக்கும் பழக்கம் உள்ளவர்கள் ஜப்பானிய வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். ஆனால் எதைத் தேர்ந்தெடுத்தாலும் நடுவில் மாற்றாதீர்கள். இரண்டிலும் பாத்திரங்களின் குணம் சற்றே வேறுபட்டு ஒலிப்பதால், பாதியில் மாறுபவருக்கு வேறு ஆட்களைப் பார்ப்பது போலிருக்கும்.

ஒவ்வொரு எபிசோடும் ஏறத்தாழ 23 நிமிடங்கள் என்பதால் முழுத் தொடருக்கும் சுமார் 43 மணி நேரம் ஆகும். நாளொன்றுக்கு இரண்டு எபிசோடுகள் என்று வைத்துக்கொண்டால் எட்டு வாரங்களில் முடித்துவிடலாம். தொடக்கப் பாடல் மாறாமல் ஒன்றே ஒன்றுதான், அதைத் தாண்டிச் செல்ல மனம் வந்தால் தாண்டலாம். நிறைவுப் பாடல்கள் ஐந்து உள்ளன. கட்டாயம் தாண்ட வேண்டியது ஒவ்வொரு எபிசோடின் முடிவிலும் வரும் அடுத்த எபிசோடின் முன்னோட்டத்தை, ஏனெனில் சண்டையில் யார் நிலைத்தார்கள் என்பதைப் பல இடங்களில் அதுவே உடைத்துவிடுகிறது. பாத்திரங்களின் பெயர்களை இணையத்தில் தேடுவதையும் தொடர் முடியும்வரை தள்ளிவையுங்கள். குறிப்பாக யூசுகே, அவனுடைய ஆசான் கென்காய் ஆகிய இருவரின் பெயர்களைத் தேடினால் முதல் வரியிலேயே பெரிய செய்திகள் வந்து நிற்கும்.

சிறுவர்களோடு பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. இரத்தமும் உடல் சிதைவும் பிற்பகுதிகளில் கணிசமாக உண்டு. யூசுகே புகைபிடிக்கிறான், அவன் தாய் அத்சுகோ எந்நேரமும் குடிக்கிறார். சிறுவயதுத் தோழி கெய்கோவிடம் யூசுகே செய்யும் சில குறும்புகளும், 23ஆம் எபிசோடை ஒட்டி வரும் திருநங்கைப் பாத்திரம் ஒன்று நடத்தப்படும் விதமும் இன்றைய கண்ணுக்கு மட்டுமல்ல, எந்தக் கண்ணுக்குமே உறுத்தலானவை. 13 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இந்தத் தொடரைப் பரிந்துரைக்க மாட்டேன்.

முதல் ஐந்து எபிசோடுகள்

சாலையில் காருக்கு முன்னால் ஓடிய சிறுவனைத் தள்ளிவிட்டு யூசுகே இறக்கிறான். துடுப்பின் மீது அமர்ந்து பறந்துவரும் போட்டான் என்ற வழிகாட்டிப் பெண், அவன் இப்படி ஒரு நற்செயல் செய்வான் என்று ஆவியுலகில் ஒருவரும் எதிர்பார்க்காததால் அவனுக்கு அங்கே இடம் ஒதுக்கப்படவில்லை என்கிறாள்; போதாக்குறைக்கு, அவன் குறுக்கிடாவிட்டாலும் அந்தச் சிறுவன் பிழைத்திருப்பான் என்றும் சொல்லிவிடுகிறாள். நாயகனின் தியாகம் தேவையற்றது என்று முதல் எபிசோடிலேயே அறிவிக்கும் சண்டைத் தொடர் வேறொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. இதை நகைச்சுவையாக மட்டும் எடுத்துக்கொண்டு கடந்துவிடாதீர்கள். ஆவியுலகின் கணக்குகள் தவறக்கூடியவை என்பதும், அதன் நிர்வாகம் ஒரு சாதாரண அலுவலகத்தைப் போலவே தடுமாறக்கூடியது என்பதும் இங்கேயே சொல்லப்பட்டுவிடுகிறது. நெடுங்கதை முழுவதும் இந்த ஆதாரத்தின் மேல்தான் நிற்கிறது.

அந்த அலுவலகத்தின் தலைமையில் இருப்பவன் கொயென்மா: வாயில் சூப்பானும் தலையில் பெரிய தொப்பியுமாக, கோப்புக் குவியலுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் குழந்தை. அவனுடைய தந்தை என்மா, பௌத்தத்தோடு இந்தியாவிலிருந்து சீனா வழியாக ஜப்பான் சென்ற நம்முடைய எமதர்மன்தான். இறந்தவர்களின் தீர்ப்பு, அவர்கள் கடக்கவேண்டிய நதி ஆகியவை நமக்கு அந்நியமல்ல என்பதால், தமிழ் வாசகருக்கு இந்த உலகத்துக்குள் நுழைய முன்னுரை அதிகம் தேவைப்படாது.

கவனமாகப் பார்க்க வேண்டிய காட்சி யூசுகேவின் இழவு வீடு. ஆசிரியர்கள் சிலர் ஒழிந்தான் என்று பேசிக்கொள்ள, அவனிடம் ஓயாமல் அடிவாங்கிய குவாபாரா மட்டும் வாசலில் நின்று, இனி யாரோடு சண்டை போடுவேன் என்று கத்தி அழுகிறான். தனக்காக வருந்த ஒருவரும் இல்லை என்று நம்பியிருந்தவன், தன் சாவுக்கு யார் எப்படி முகம் காட்டுகிறார்கள் என்பதை அருகில் நின்றே பார்க்கிறான். குவாபாராவை இந்தக் காட்சியிலிருந்து பின்தொடருங்கள். யூசுகே, குவாபாரா, குராமா, ஹியெய் ஆகிய நால்வரில் முழு மனிதனாகவே இருந்து, மற்றவர்களைவிடப் பலம் குறைந்தவனாகவே கடைசிவரை போராடுபவன் அவன்தான்.

6 முதல் 25 வரை: வழக்குகள்

உயிர்பெற்ற யூசுகேவுக்குத் துப்பறிவாளன் பதவி கிடைக்கிறது; வழக்குகள் வரத் தொடங்குகின்றன. முதல் வழக்கு ஆவியுலகக் கருவூலத்திலிருந்து திருடப்பட்ட மூன்று பொருட்களை மீட்பது. குழந்தைகளின் ஆன்மாவை உறிஞ்சும் உருண்டை, பௌர்ணமி இரவில் உயிரை விலையாகப் பெற்று விருப்பத்தை நிறைவேற்றும் கண்ணாடி, வெட்டுப்பட்ட மனிதரை அரக்கராக்கும் வாள் ஆகிய மூன்றையும் மூன்று திருடர்கள் வைத்திருக்கிறார்கள். மூவரையும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். முதலாமவன் பசிக்காகக் கொல்பவன். கண்ணாடியை எடுத்தவன் எதற்காக எடுத்தான் என்பது 7ஆம் எபிசோடில் தெரியவரும்போது, சட்டத்தின்படி குற்றவாளியானவனைப் பிடிக்க வந்த துப்பறிவாளன் செய்யும் செயலைக் கவனியுங்கள். அந்தத் திருடன்தான் குராமா, வாளை எடுத்தவன் ஹியெய். பின்னர் இருவரும் யூசுகேவின் பக்கம் நிற்கிறார்கள் என்பது தொடரின் சுவரொட்டியிலேயே இருப்பதால் அதைச் சொல்வதில் தவறில்லை.

இந்தக் கட்டத்தில் யூசுகேவுக்கு இருக்கும் ஒரே ஆயுதம் ஆள்காட்டி விரலிலிருந்து பாயும் ஆவித் துப்பாக்கி, அதையும் நாளொன்றுக்கு ஒருமுறைதான் சுட முடியும். பிற்பாடு அந்த எண்ணிக்கை நான்காகிறது. இந்தக் கட்டுப்பாடு இருக்கும்வரை ஒவ்வொரு மோதலும் பலத்தைவிட யோசனையைக் கேட்கிறது; ஒரு குண்டை எப்போது, எந்தக் கோணத்தில், எதன்மீது பட்டுத் திரும்பும்படி சுடுவது என்பதே கேள்வி. பின்னால் வரும் பிரம்மாண்டமான சண்டைகளைவிட இந்தச் சிக்கனத்தையே நான் அதிகம் விரும்புகிறேன்.

9 முதல் 13 வரை உள்ள எபிசோடுகளில், வயது முதிர்ந்த ஆசான் கென்காய் தன் வித்தைக்கு வாரிசைத் தேர்ந்தெடுக்கிறார். 99 வித்தைக்காரர்களைக் கொன்று அவர்களுடைய கலைகளைத் திருடிய ராண்டோ என்ற அரக்கன் போட்டியாளர்களுக்குள் மறைந்திருக்கிறான். அவன் யார் என்பதைக் கண்டுபிடிப்பதே யூசுகேவின் வேலை. ஆன்மிக ஆற்றலை அளக்கக் கென்காய் வைக்கும் தேர்வுகளில் விளையாட்டுக்கூட இயந்திரங்களும் கரோக்கேயும் இருப்பது தொகாஷியின் குசும்பு. 14 முதல் 21 வரை வரும் நான்கு காவல் மிருகங்களின் கோட்டை வழக்கில் எதிரிகளின் பெயர்கள் புதியவர்களைக் குழப்பலாம்: கென்பு, பியாக்கோ, செய்ரியூ, சுஸாக்கு ஆகியவை சீன மரபில் நான்கு திசைகளைக் காக்கும் கறுப்பு ஆமை, வெள்ளைப் புலி, நீல நாகம், செந்நிறப் பறவை என்பவற்றின் ஜப்பானியப் பெயர்களே. கோட்டையில் சண்டை நடக்கும் அதே நேரத்தில், அரக்க உலகப் பூச்சிகளால் பீடிக்கப்பட்ட மனிதர்களிடமிருந்து கெய்கோவும் போட்டானும் பள்ளிக்கூடத்துக்குள் தப்பியோடுவது மாறி மாறிக் காட்டப்படுகிறது. இந்தத் தொடர் திகிலைக் கையாளும் விதத்துக்கு இதைவிட நல்ல மாதிரி இல்லை.

22 முதல் 25 வரையான கடைசி வழக்கு, அழுதால் கண்ணீர் மணியாக உறையும் யுகினா என்ற பனிக்குலப் பெண்ணை மீட்பது. அவளை அடைத்துவைத்து வதைத்து அழவைத்து மணிகளை விற்பவன் அரக்கன் அல்ல, தருகானே என்ற பணக்கார மனிதன். மனிதர்களை அரக்கர்களிடமிருந்து காப்பதற்கென்று நியமிக்கப்பட்டவன் முதன்முறையாக எதிர்ப்பக்கத்தில் நிற்கவேண்டியிருக்கிறது. வழக்கு விவரம் ஒரு வீடியோ கேசட்டில் வந்து சேர்வதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒருநாள் வேறொரு கேசட் வரும்.

26 முதல் 66 வரை: இருண்ட போட்டி

41 எபிசோடுகள் நீளும் இந்தக் கதைப்பகுதியில் துப்பறிதல் ஓய்ந்து போட்டிச் சண்டை வந்துவிடுகிறது. தொடருக்குப் பெரும்புகழ் தேடித்தந்தது இதுதான். கொழுத்த பணக்காரர்கள் அரக்கர்களை மோதவிட்டுப் பந்தயம் கட்டும் ஒரு தீவுக்கு, மறுக்க முடியாத அழைப்பின் பேரில் யூசுகேவின் ஐவர் அணி செல்கிறது. விதிகளை எழுதி வைத்துக்கொள்ள வேண்டியதில்லை, அமைப்பாளர்கள் தங்கள் வசதிக்கேற்ப அவற்றை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். யூசுகேவின் அணியில் முகத்தை மறைத்துக்கொண்டு வரும் ஐந்தாவது ஆள் யார் என்பதை நீங்களாகவே ஊகித்துப் பாருங்கள்.

ஒவ்வொரு அணியாகத் தொடர்ந்து வருவதால் 45ஐ ஒட்டிச் சற்று அலுப்புத் தட்டலாம். அப்போது நாளுக்கு நான்கைந்து எபிசோடுகளாகப் பார்த்துக் கடப்பது உதவும், நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் வேகம் குறைந்துபோகும். அரையிறுதியில் வரும் அணி ஜப்பானியச் சிறுவர் கதைகளைக் கொண்டு பின்னப்பட்டது என்பதால் இரண்டு கதைகளை அறிந்திருப்பது நல்லது: பீச் பழத்திலிருந்து பிறந்து, நாய், குரங்கு, காட்டுக்கோழி ஆகியவற்றைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அரக்கர்களை அழிக்கச் செல்லும் மொமோதரோவின் கதை; ஆமையைக் காப்பாற்றிக் கடலடி அரண்மனைக்குச் சென்று, திரும்பிவந்து, திறக்கக் கூடாத பெட்டியைத் திறந்து கிழவனாகிப்போகும் உராஷிமா தரோவின் கதை. அந்தப் பெட்டி இங்கேயும் உண்டு, ஆனால் வேறு விதமாக வேலை செய்யும்.

இறுதி எதிரியான இளைய தொகுரோவைத் தசை மலையாக மட்டும் பார்த்துவிட வேண்டாம். அவருக்கும் கென்காய்க்கும் இடையிலான பழைய உறவு சிறிது சிறிதாகத்தான் வெளிப்படுகிறது; மூப்பை ஏற்றுக்கொண்ட ஒருவரும் ஏற்க மறுத்த ஒருவரும் நேருக்கு நேர் நிற்பதே இந்தக் கதைப்பகுதியின் சாரம். 66ஆம் எபிசோடை அவசரமாக அல்லாமல் தனியாக ஒருநாள் பாருங்கள்.

67 முதல் 94 வரை: கறுப்பு அத்தியாயம்

என் மதிப்பீட்டில் தொடரின் உச்சம் இது. முஷியோரி நகரில் சாதாரண மனிதர்களுக்குத் திடீரென்று விசித்திர ஆற்றல்கள் வந்துவிடுகின்றன. அரக்க உலகத்துக்குச் சுரங்கம் ஒன்று திறக்கப்படுகிறது. துப்பறிதல் மீண்டும் தொடங்குகிறது. ஒவ்வோர் ஆற்றலுக்கும் ஓர் எல்லையும் ஒரு விதியும் உண்டு. கைதோ என்ற மாணவனின் எல்லைக்குள் ஒரு குறிப்பிட்ட சொல்லை உச்சரித்தவரின் ஆன்மா பறிபோகும், கைகலப்புக்கு அங்கே இடமே இல்லை. அவனும் குராமாவும் மேசைக்கு எதிரெதிரே உட்கார்ந்து, நேரம் செல்லச் செல்ல உச்சரிக்கத் தடைசெய்யப்பட்ட எழுத்துகள் பெருகிக்கொண்டே போகும் விளையாட்டை ஆடுவது தொகாஷியின் மூளை எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டும் இடம்.

இங்கே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: யூசுகேவுக்கு முன்னால் துப்பறிவாளர் பதவியை வகித்தவர்கள் யார், அவர்கள் ஏன் விலகினார்கள்? மனிதர்கள் செய்த கொடுமைகள் மட்டும் பதிவான கேசட் ஒன்று கதைக்குள் வரும்போது, யுகினா வழக்கை நினைவில் வைத்திருப்பவருக்கு அதன் கனம் தானாகவே புரியும். தருகானேவைப் பார்க்காதவருக்கு இந்தப் பகுதியின் முதன்மை எதிரியான சென்சுய் வெறும் பித்தனாகத் தெரிவார். இருள் மிகுந்த பகுதி என்பதால் இரவில் தொடர்ச்சியாகப் பார்ப்பதைத் தவிர்ப்பது மனத்துக்கு நல்லது.

95 முதல் 112 வரை: மூன்று மன்னர்கள்

அரக்க உலகை ஆளும் மூன்று வல்லரசர்களுக்கு இடையிலான இழுபறியாகத் தொடங்கும் இந்தப் பகுதி, எதிர்பார்க்கும் பெரும்போருக்குள் செல்லாமல் வேறு முடிவை எட்டுகிறது. வார இதழின் இடைவிடாத நெருக்கடியில் தொகாஷி உடலும் மனமும் சோர்ந்து, தானாகவே கதையை முடித்துக்கொண்டார்; அதன் காரணங்களை 1994இல் தாம் வெளியிட்ட சிறு பிரசுரத்தில் அவரே எழுதினார். மாங்காவில் பல சண்டைகள் காட்டப்படாமலே முடிந்துவிடுகின்றன, அனிமே அவற்றில் சிலவற்றை விரித்துக் காட்டி இடைவெளியைக் குறைக்கிறது. அவசரம் தெரிகிறது என்பதை மறுக்க முடியாது. ஆயினும் ஹியெயின் பிறப்பையும் வளர்ப்பையும் சொல்லும் எபிசோடுகளும் கடைசி எபிசோடும் அமைதியாக நன்கு செய்யப்பட்டவை.

தொடர் முடிந்த பின்

1993, 1994ஆம் ஆண்டுகளில் வந்த இரண்டு திரைப்படங்களும் மாங்காவில் இல்லாத தனிக் கதைகள், அவற்றை விட்டுவிட்டாலும் கதைத்தொடர்ச்சியில் எதுவும் குறையாது. 2018இல் வெளியான இரண்டு சிறப்பு எபிசோடுகளைப் பார்க்கலாம்: ஒன்று குராமாவும் ஹியெயும் முதன்முதலாகச் சந்தித்த கதை, மற்றொன்று மாங்காவின் இறுதித் தொகுதியிலிருந்து எடுக்கப்பட்ட கதை. 1990களில் வெளிவந்த சிறப்புத் தொகுப்புகளில் தொடரிலிருந்து எடுத்த காட்சிகளே அதிகம், தீவிர ரசிகர்களுக்கு மட்டும் அவை பயன்படும்.

மாங்காவுக்கு வருபவர்கள் முழுவதையும் உடனே வாசிக்க நேரமில்லை என்றால், அனிமே விட்டுவிட்ட ஆவிக் கதைகளுக்காக முதல் இரண்டு தொகுதிகளையும், பின்னர் 19ஆம் தொகுதியையும் வாசியுங்கள். நண்பர்கள் மீண்டும் சிறு வழக்குகளை எடுத்துக்கொள்ளும் கதைகள் அந்த இறுதித் தொகுதியில் உள்ளன. ஆங்கிலத்தில் விஸ் நிறுவனம் 19 தொகுதிகளையும் வெளியிட்டிருக்கிறது.

ஷோ த்சுகிகாவா இயக்கத்தில் தகுமி கிதாமுரா யூசுகேவாக நடித்த நெட்ஃபிளிக்ஸ் தொடரை, அனிமேயின் 66ஆம் எபிசோடைத் தாண்டிய பிறகு எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். அது தொகுரோ கதையோடு நின்றுவிடுவதால் பிற்பகுதியின் எதையும் உடைப்பதில்லை. யுகினாவை மீட்கும் வழக்கையும் தீவுப் போட்டியையும் அது ஒரே கதையாக இணைத்துவிட்டது. இளைய தொகுரோவாக கோ அயானோவும் கென்காயாக மெய்கோ காஜியும் நடித்திருக்கும் காட்சிகளுக்காகவாவது அதற்கு ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கலாம்.